ஜெர்மன் லேப்டாப்பில் ஏழு பொட்டு

என் தம்பி ஜெர்மனியில் படிப்பு முடித்துத் திரும்பி வந்தபோது, அவனுடைய பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நல்ல லேப்டாப்தான். ஆனால் அதன் கீபோர்டு ஜெர்மன்காரர்களுக்காகச் செய்தது. Y இருக்க வேண்டிய இடத்தில் Z இருந்தது, Z இடத்தில் Y இருந்தது. தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்துகள் வேறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தன. மெயில் முகவரிக்குத் தேவையான @, Q-வின் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். “அக்கா, செட்டிங்ஸ்ல போயி இங்கிலீஷுக்கு மாத்திக்க. அம்புட்டுதான்” என்றான். மாற்றினேன். கூத்து அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இப்போது அடித்தால் வருவது இங்கிலீஷ், பட்டனில் அச்சாகியிருப்பது ஜெர்மன். பார்க்காமல் அடிக்கிற அவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நான் பார்த்து அடிக்கிறவள்.

எனக்கோ ஐந்து நாளில் தேர்வு. கப்பலூரில் ரப்பர் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆர்டர்களைப் பதிவு செய்யும் வேலை. வீட்டிலிருந்தே கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, நாற்பது நிமிடத்தில் அறுபது வரி அடிக்க வேண்டும். வரிக்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு மெயில் முகவரி. மகள் பிறந்ததிலிருந்து நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டேன். வேலைக்குப் போன காலத்தில் நான் எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்தது. அவள் திரும்பி வர வேண்டும் என்றால் இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேப்டாப் பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். “அண்ணே, எழுத்து மேல ஒட்டுற ஸ்டிக்கர் இருக்கா?” என்று கேட்டேன். அவர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஸ்டிக்கர் இல்லம்மா. கீபோர்டையே மாத்துனாத்தான் உண்டு. வரவழைக்கப் பத்து நாளாகும்” என்றார். கொண்டை முடிந்த பிறகு பூ வந்து என்ன செய்ய? வெளியே வந்தால் பக்கத்துக் கடை வாசலில் பொட்டு அட்டைகள் சரம் சரமாகத் தொங்கின. மெரூன் கலர் வெல்வெட் பொட்டில் ஒரு அட்டை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஒயிட்னரை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு, ஒவ்வொரு பொட்டின் மேலும் ஒரு எழுத்தோ குறியோ எழுதி, அந்தந்தப் பட்டனில் ஒட்டினேன். மொத்தம் ஏழு பொட்டு. Y, Z இரண்டுக்கும் இரண்டு, @ வருகிற 2-ஆம் எண் பட்டனுக்கு ஒன்று, மற்ற குறிகளுக்கு நான்கு. இதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் இருந்தது. வெல்வெட் என்பதால் தொட்டாலே தெரிந்தது. மூன்றாம் நாள் கண் போவதற்குள் விரல் போய்விட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டில் வேறு யாரும் மெச்சுகிற மாதிரி தெரியவில்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரே கவலைதான். “வெறும் நெத்தியோட அது முன்னாடி உக்காராதத்தா. கேமராவுல நாலு பேரு பாப்பாக” என்பார். குளித்த ஈரம் காயும் முன்பே பொட்டு வைத்துக்கொள்கிறவர் அவர். எங்கள் வீட்டில் பொட்டுக்கென்று தனி இடம் கிடையாது. கண்ணாடி, பீரோ கதவு, கட்டில் சட்டம், குளியலறை டைல்ஸ் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். வெளியே கிளம்பும்போது கைக்கு எட்டியதைப் பிய்த்து வைத்துக்கொள்வோம். யாருடைய பொட்டு என்று யாரும் கேட்டதில்லை.

தேர்வு அன்று அத்தை என் மகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியில் பெயர் வந்தது, ஊர் வந்தது. முகவரிக்கு விரலைக் கொண்டுபோனேன். வெல்வெட் இல்லை, பட்டன் வழுக்கியது. குனிந்து பார்த்தால் ஆறு பொட்டுதான் இருந்தது. மடியில் தேடினேன், மேஜைக்குக் கீழே தேடினேன். முகத்தைத் திரையில் காட்டும்படி கம்ப்யூட்டர் அதட்டியது.

ஐந்து நாள் பழகியது ஒரு நொடியில் மறந்துவிட்டது. இரண்டா, மூன்றா? ஷிப்டை அழுத்திக்கொண்டு மூன்றை அடித்தேன், வேறு ஏதோ வந்தது. இரண்டை அடித்தேன், @ வந்தது. ஆனால் அறுபது வரிக்கும் இப்படித் தடவிக்கொண்டிருந்தால் வேலை கிடைத்த மாதிரிதான். சட்டென்று என் நெற்றியில் இருந்த பொட்டைப் பிய்த்து அந்தப் பட்டனில் ஒட்டினேன். அப்புறம் நான் நிற்கவே இல்லை. அறுபதாவது வரியை முடித்தபோது இன்னும் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

மதியம் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வீடியோ காலில் வந்தார். “டெஸ்ட் நடுவுல நெத்தியில இருந்து எதையோ எடுத்துக் கீழ ஒட்டுனீங்களே, அது என்ன?” என்று கேட்டார். குரலில் சந்தேகம் இருந்தது. பிட் என்று நினைத்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“பொட்டு சார்” என்று சொல்லி, லேப்டாப் மூடியைப் பாதி மடக்கி, கேமராவில் கீபோர்டு தெரியும்படி காட்டினேன். மூடியை நிமிர்த்திவிட்டு ஜெர்மன் கதையையும் சொன்னேன்.

“எல்லாத்துலயும் எழுத்து இருக்கு. ஒண்ணுல மட்டும் இல்லையே?”

“அதுல இருந்ததைக் காணோம் சார். அதுக்குப் பதிலாத்தான் என்னோடதை ஒட்டுனேன்.”

சொல்லி வாய் மூடவில்லை, அத்தை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் நெற்றி நடுவில் வெள்ளை வெளேரென்று @ இருந்தது.

“காதுகுத்துல எல்லாரும் கேட்டாக, இது என்ன புது டிசைன்னு” என்றார் சந்தோஷமாக.

“அத்தை, அது என் பரீச்சைப் பொட்டு. அதைக் காணோம்னுதான் சார் கேட்டுக்கிட்டு இருக்காரு” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மகளை இறக்கிவிட்டு, நெற்றியில் இருந்ததைப் பிய்த்துக்கொண்டு, திரைக்கு முன்னால் வந்து நின்றார். “ஐயா, தப்பு என்னோடது. நாந்தான் எடுத்துட்டேன். இந்தா இருக்கு பாருங்க. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல” என்று விரல் நுனியில் அதை நீட்டினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவரை வெறும் நெற்றியோடு பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆளுக்கு முன்னால், எனக்காக, அவர் அப்படி நின்றார்.

அதிகாரி சிரித்துவிட்டார். “திங்கக்கிழமை வந்து சேருங்க. இங்க இங்கிலீஷ் கீபோர்டுதான்” என்றார்.

வீடியோ கால் முடிந்ததும் 2-ஆம் எண் பட்டனில் இருந்த என் பொட்டைப் பிய்த்து அத்தையின் நெற்றியில் வைத்தேன்.