செவ்வாய்க்கிழமைக்கு ஒரு லட்சியம்

ஞாயிற்றுக்கிழமை காலை பொன்மலைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கோமளவல்லியின் தம்பி ஃபோன் செய்தார். "மேடம், அக்கா விடியகாலம்பற பரமபதிச்சுட்டா. உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றார். ஸ்ரீரங்கத்து வைணவ வீடுகளில் மரணச் செய்தி இந்த வார்த்தையில்தான் வரும். எனக்கு உடனே அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்கூட ஃபோனில் என்னோடு நன்றாகச் சண்டை போட்டவர், இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவாரா? காய்ப் பையைக் கடைக்கார அம்மாவிடமே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் கண் கலங்கி எதுவும் தெரியாமல் போயிற்று.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கணக்குப்பதிவியல். அவர் வணிக மேலாண்மை. ஸ்டாஃப் ரூமில் எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன, எங்கள் அபிப்பிராயங்களும் அப்படியே. யார் மேடையில் பேசினாலும் எல்லோரும் கைதட்டுவோம். கோமளா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால், "அவர் சொன்னதைச் செஞ்சு காட்டட்டும், தட்டறேன்" என்பார். வறட்டுப் பிடிவாதம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "ஆமாம், வறட்டுதான்" என்று சிரிப்பார்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. இறுதியாண்டு மாணவிகள் ஒரு தொழில் திட்டம் தயாரிக்க வேண்டும். ஒரு குழு, ஸ்ரீரங்கத்தில் டிபன் கடை வைக்கப்போவதாகச் சொன்னது. கோமளாவுக்குச் சொந்த ஊர்ப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊர் கூட்டத்தைப் பார்க்கணும்னா வைகுண்ட ஏகாதசிக்கு வாங்கோ" என்று அவரே அந்தப் பெண்களை அழைத்துப் போய், சொர்க்கவாசல் சேவித்தவர்கள் வந்து கலைகிற வடக்குப் பக்கத்து வீதி ஒன்றில் நிறுத்தினார். தலை தலையாகக் கூட்டம். பெண்கள் மலைத்துப் போனார்கள். அந்த வீதியில் கடை போட்டால் ஓராண்டில் இன்னொரு கிளை திறந்துவிடலாம் என்று பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதிக் கொண்டுவந்தார்கள். கோமளாவும் பூரித்துப்போய் முதல் மதிப்பெண் கொடுத்தார்.

சில வாரம் கழித்து ஒரு வேலையாக அந்த வீதி வழியே அவரும் நானும் நடந்தோம். வீதியில் ஒரு நாய் படுத்திருந்தது. ஒரு பூக்காரம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வேறு ஈ காக்கை இல்லை. கோமளா நடு வீதியில் நின்றுவிட்டார். "கலா, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். செவ்வாய் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மறுநாள் வகுப்பில் நுழைந்ததும், "பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கேன். வைகுண்ட ஏகாதசி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்னு எனக்கே தோணலை பாருங்கோ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, அந்த டிபன் கடைத் திட்டத்தை மறுபடியும் எழுத வைத்தார்.

அன்றிலிருந்து அது அவர் வகுப்பின் வழக்கமாயிற்று. எந்த மாணவி எழுந்து என்ன லட்சியம் சொன்னாலும் கோமளா கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சரி. வர்ற செவ்வாய்க்கிழமை அதுக்காக என்ன பண்ணப் போறே?" விசேஷமில்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும். அடுத்தவர் தயவு இல்லாமல் தானே முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முடித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஆட்டோவில் போனால் டிரைவரிடமும், "செவ்வாய்க்கிழமை எப்படிங்க ஓடறது?" என்று ஆரம்பித்துவிடுவார். அவரோடு ஆட்டோவில் போவதையே நான் தவிர்த்த காலம் உண்டு.

எனக்கு இது பிடிக்கவில்லை. இளம் பிள்ளைகள் பெரிதாகக் கனவு காணட்டுமே, எதற்கு இப்படிக் கத்தரித்து விடுகிறீர்கள் என்று வாரா வாரம் வாதாடினேன். ஒருநாள் அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது. "கலா, பெருசா சொன்னா ஊரே மெச்சும், அதோட முடிஞ்சுது. சின்னதா சொன்னா செஞ்சாகணும். உங்களுக்கு எது கஷ்டம், சொல்லுங்கோ?"

அப்படியிருக்கும்போதுதான் நஸ்ரீன் வந்தாள். பெரியகடை வீதிப் பக்கத்துப் பெண். அத்தா சவுதியில் வேலை பார்த்தார். வீட்டில் எல்லா முடிவும் தாய்மாமா இப்ராஹிம் கையில். அத்தர் கடை வைத்திருந்தவர், கண்டிப்பானவர். நஸ்ரீனுக்குச் சொந்தமாகத் தையல் தொழில் செய்ய ஆசை. மாமா ஒரு கெடு வைத்தார். கடைசிப் பரீட்சை முடிவதற்குள் அவளுடைய தொழில் என்று ஒன்று நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிட்டு வெளியூர் போக வேண்டும். அவளுக்கு முழுசாக ஒரு வருஷம்கூட இல்லை.

வகுப்பில் எழுந்து, "தில்லைநகர்ல பெரிய பொட்டிக் வைப்பேன் மேடம். கல்யாண டிரஸ் எல்லாம்" என்றாள். மாணவிகள் ஆரவாரம் செய்தார்கள். கோமளா வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு, "கல்யாண ஜவுளிக்கு முகூர்த்த மாசத்துல வருவா. சாதாரணச் செவ்வாய்க்கிழமை உன் கடைக்கு யாரும்மா வருவா?" என்று கேட்டார். நஸ்ரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தெரியல மேடம்" என்றாள். "தெரிஞ்சுக்கறதுதான் இந்த வாரத்து லட்சியம். உக்காரு" என்றார் கோமளா. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை.

அந்த வாரம் நஸ்ரீன் கண்ணில் பட்டவரிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டாள். எந்தத் துணி தினமும் கிழிகிறது? ஸ்டாஃப் ரூமுக்கும் வந்து கேட்டாள். ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரின் சட்டைகளைப் பற்றி நான் புலம்பித் தீர்த்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமை அரியமங்கலத்துப் பட்டறைகளுக்குப் போனாள். விற்கப் போகவில்லை. உடுப்பில் என்ன தொந்தரவு என்று கேட்க மட்டும் போனாள். அதற்கடுத்த செவ்வாய்க்கு, வேலை செய்யும்போது சட்டைக்கு மேல் கட்டிக்கொள்கிற ஏப்ரன் ஒரே ஒன்று தைத்தாள்.

பட்டறை பட்டறையாகப் பெண் ஏறி இறங்குகிறாள் என்று தெரிந்ததும் இப்ராஹிம் கல்லூரிக்கே வந்துவிட்டார். "டீச்சரம்மா, படிக்கத்தான அனுப்பிச்சோம்? இதுக்காகவா? பரீட்சை வரைக்கும்கூட நான் பொறுக்கத் தேவையில்ல, இன்னைக்கே நிறுத்திக்கிறேன்" என்று சத்தம் போட்டார். நஸ்ரீன் வெளிறிப்போய் நின்றாள். கோமளா பதறவில்லை. "நிறுத்துங்கோ. உங்க வீட்டுப் பொண்ணு. ஆனா நீங்களும் வியாபாரி. ஒரே ஒரு தடவை எங்களோட பட்டறைக்கு வந்து பாருங்கோ. பார்த்துட்டு நிறுத்துங்கோ" என்றார். வியாபாரி என்ற சொல்லுக்காகவோ என்னவோ, அவர் சம்மதித்தார்.

ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். லேத் பட்டறைக்காரர் அவள் தைத்த ஏப்ரனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணியெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பின்னாடி கயிறு கட்டியிருக்கியே, அது மெஷின்ல சிக்குனா ஆளையே இழுத்துடும். வேணாம், எடுத்துட்டுப் போயிடு" என்றார். இப்ராஹிம் என்னைப் பார்த்தார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நஸ்ரீன் அந்த ஏப்ரனை வாங்கிக் கயிற்றைக் கையால் இழுத்துப் பார்த்தாள். "கயித்துக்குப் பதிலா பிரஸ் பட்டன் வச்சா, இழுத்தா தானா கழண்டுக்கும்ல அண்ணே?" என்று கேட்டாள். அவர் யோசித்து, கழன்றுகொள்ளும் என்றார். "அப்ப வர்ற செவ்வாய்க்கிழமை பட்டன் வச்சு ஒண்ணே ஒண்ணு கொண்டு வரேன். போட்டுப் பாருங்க. சரியா இருந்தா மட்டும் மத்ததைப் பேசுவோம்" என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை, சவடாலும் இல்லை. பட்டறைக்காரர், "கொண்டா, பாப்போம்" என்றார்.

திரும்பும்போது இப்ராஹிம் பழைய பால்பண்ணை வரைக்கும் அந்த ஏப்ரனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "ஏம்மா, பிரஸ் பட்டன் எங்க மொத்தமா கிடைக்கும்னு தெரியுமா?" என்று நஸ்ரீனிடம் கேட்டார். தெரியாது என்றாள். "எனக்குத் தெரியும், வா" என்றார். கோமளா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது.

பட்டன் வைத்த ஏப்ரன் பட்டறைக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. செவ்வாய்க்குச் செவ்வாய் அவள் ஏறி இறங்கினாள். ஒரு பட்டறை, அடுத்த பட்டறை, பிறகு அவர்களே சொல்லி விட்ட பட்டறைகள். கடைசிப் பரீட்சை எழுதியபோது அவள் தைத்த ஏப்ரன்களை அரியமங்கலத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பி வேண்டாமென்று சொன்னவர் இப்ராஹிமேதான். அந்தச் செய்தியை நஸ்ரீன் ஓடிவந்து சொன்னபோது, ஸ்டாஃப் ரூமில் கோமளா எழுந்து நின்று கைதட்டினார். அவர் கைதட்டி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதன் பிறகு எத்தனையோ மாணவிகள். ஓய்வு பெற்ற பிறகும் கேட்டு வருகிறவர்களுக்குத் தன் வீட்டு மாடியிலேயே வகுப்பு எடுத்தார். இதயம் தகராறு செய்ய ஆரம்பித்து, டாக்டர் மாடி ஏறக் கூடாது என்றதும், வகுப்பைக் கீழே மாற்றிக்கொண்டாரே தவிர நிறுத்தவில்லை. சனிக்கிழமை எங்களுக்குள் நடந்த சண்டைகூட ஒரு புது மாணவியின் ஊறுகாய்த் தொழிலைப் பற்றித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது கோமளாவின் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்தவள், பட்டறையை மூடிவிட்டு வந்தவள், பேக்கரி உடுப்போடு அப்படியே வந்தவள் என்று வீதி முழுவதும் பெண்கள். நஸ்ரீன் தன்னிடம் வேலை செய்யும் தையல்காரப் பெண்களோடு வேனில் வந்து இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இப்ராஹிம் இறங்கினார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. கோமளாவின் தம்பி அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார்.

இப்ராஹிம் கோமளாவின் முகத்தைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசினார். "டீச்சரம்மா, இந்தப் பொண்ணை வெளியூருக்கு அனுப்பிடணும்னு நின்னவன் நான். இன்னைக்கு எங்க குடும்பம் மொத்தமும் இவ கம்பெனியிலதான் சோறு திங்குது. நீங்க ஜெயிச்சுட்டீங்க. நான் தோத்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம்."

நஸ்ரீன் மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. என் சிநேகிதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். நல்லபடியாகப் போங்கள், கோமளா. வாசலில் நீங்கள் உருவாக்கிய முதலாளிகள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள்.