என்னைவிட இளையவனுக்கு நான் சொன்ன ஷிகமோ

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் விரல் மரத்துப்போக மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு வந்து துப்புரவு நிறுவனம் தொடங்கினேன்; எல்லிங்ஸ்ருட்டில் வீடு வாங்கினேன்; படித்தவர்கள் என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள். இவ்வளவும் செய்தவனை இந்த நாட்டில் பெரியவனாக மதித்தவன் ஒருவன்தான்: சான்சிபாரில் பிறந்த சலீம்.

இங்கே பள்ளிப் பிள்ளையும் கிழவனும் ஒருவருக்கொருவர் 'ஹாய்'தான். சலீம் அப்படியல்ல. மீன் மேசையில் என் பக்கத்தில் நின்ற நாள் முதல் என்னைக் கண்டால் 'ஷிகமோ' என்பான். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று பொருள். அவன் தாய்மொழியான சுவாஹிலியில் இளையவர்தான் அதை முதலில் சொல்ல வேண்டும். மூத்தவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். அதன் பிறகுதான் மற்றக் கதை. நான் அவனுக்கு இரண்டு வயது மூப்பு. பின்னர் என் நிறுவனத்தில் வேலை செய்தபோதும் அவன் அந்த முறையை விடவில்லை.

இப்போது ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்தில் கிடக்கிறான். ஞாபகம் போய்விட்டது, நொர்வீஜிய மொழியும் அதோடு போய்விட்டது. போன கிழமை நான் போனபோது, அங்கே தாதியாக இருக்கும் நம்மவர் பிள்ளை தர்ஷினி கரண்டியும் கையுமாக நின்றாள்.

"ஒண்டும் சாப்பிடுறார் இல்லை மாமா. எத்தினைதரம் ஹாய் சொல்லிப்போட்டன்."

"உன்ர ஹாய் ஆருக்கு வேணும் பிள்ளை? முறையாய் ஒரு வணக்கம் சொல்லாமல் கரண்டியை நீட்டினால் அவன் வாய் திறப்பானோ?"

கட்டிலருகே போய் நின்றேன். அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். யாரோ அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கடைசியில் நானே குனிந்தேன்.

"ஷிகமோ."

"மரஹபா," என்றான், என் தகப்பன் வயதுக்காரன்போல. வாயைத் திறந்தான். ஊட்டினேன். இளையவர் மூத்தவருக்குச் சொல்லும் வணக்கம் அது என்று தர்ஷினிக்கு விளக்கினேன்.

"மாமா இளந்தாரி ஆகிட்டார்!" தர்ஷினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தாதிகள் எல்லோரும் ஷிகமோ சொல்கிறார்கள். கொஞ்சம் சாப்பிடுகிறான். ஆனாலும் அதிக நாள் இல்லை என்கிறார் மருத்துவர். அவர் அந்த வழியைப் பாராட்டியபோது, தங்கள் பிரிவே அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னாள் தர்ஷினி. என் பேரை ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவளிடம் கேட்டேன்.

"அவர் சாப்பிட்டால் காணும்தானே மாமா. உங்கட பேர் எதுக்கு?"

காணாது, எனக்குப் போதாது. இந்த நகரத்தில் எனக்கு ஷிகமோ சொல்ல இனி ஒருவரும் இல்லை. என் பேரப்பிள்ளைகளும் ஹாய்தான். நாளைக்கு அதே கட்டிலில் நான் கிடந்தால் எந்த மொழிக்கு வாய் திறப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: அந்தச் சொல்லை அந்த அறைக்குள் கொண்டுபோனவன் இந்தப் பாட்ஸ்பியோர்ட் கந்தையா. அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள்.