தட்டினால் வரும் ஆமை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம். நான் பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம் நெல் வயல் ஊரில், வாக்கப்பட்டது மல்லிப்பட்டினத்துக்கு அருகே கடற்கரையில். அடிபட்ட கடல் ஆமைகளைத் தேற்றி அனுப்பும் ஒரு மையத்தில் எனக்குத் தொட்டி கழுவும் வேலை.

அந்தப் பங்குனியில்தான் சாப்பாட்டுத் தட்டளவு குட்டியாக ஒரு ஆமை வந்தது. வலை அறுத்து, துடுப்பு மாதிரியான முன்காலில் ஆழமான புண். ஒன்றரை வருடம் நான்தான் தீனி போட்டேன். போடும் முன் தொட்டி விளிம்பை மூன்று தட்டுத் தட்டுவேன், எங்கிருந்தாலும் ஓடி வரும். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். என் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டவுடன் அப்படி வந்ததில்லை.

புண் ஆறியதும், முதுகில் இருப்பிடம் காட்டும் கருவியை ஒட்டிக் கடலில் விட்டோம். செல்போன் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெற்கே போனது. ஐந்தாம் நாள் அந்தப் புள்ளி திரும்பி வந்து, எங்கள் ஊர்ப் படகுகள் வலை விடும் இடத்திலேயே நின்றது. "அங்க கடல் புல்லு மேயுதும்மா, கவலப்படாதீங்க" என்றார் மையத்து அதிகாரி.

மறுநாள் காலை என் கொழுந்தனார் தொழிலுக்குக் கிளம்பினார். வழக்கம்போல ஒரு மரக்கட்டையைப் படகில் போட்டார். வலையை வளைத்துவிட்டுப் படகுப் பலகையைத் தட்டினால் மீன் மிரண்டு வலைக்குள் ஓடும். காலம் காலமாக நான் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. மீனுக்கு அது விரட்டும் சத்தம், என் ஆமைக்கு அது சாப்பாட்டுச் சத்தம். வலையில் மாட்டினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும்.

நீச்சல் தெரியாதவள், விஷயத்தைச் சொல்லி அவரோடு படகில் ஏறிவிட்டேன். புள்ளி காட்டிய இடத்தில், வலை போடாமல், மூன்று தட்டுத் தட்டினேன். வரக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேதான் தட்டினேன்.

வந்துவிட்டது. தலையைத் தூக்கி வாயைத் திறந்தது.

"கைய நீட்டாதீங்க அண்ணி. துடுப்பால அடிங்க."

"நீங்களே அடிங்க, என்னால ஆவாது."

"நான் அடிச்சா எனக்கு மட்டுந்தான் பயப்படும். உங்களுக்கே பயந்துச்சுன்னாதான் வேற எவனையும் நம்பாது."

கருவியில் படாமல் ஓட்டின் ஓரத்தில் அடித்தேன். விலகிப் போய் மறுபடி வந்தது. பாவி, மறுபடியும் வந்தது! மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன். தண்ணீர் கலங்கியது, ஆமையைக் காணவில்லை. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன். வரவில்லை. படகிலேயே உட்கார்ந்து அழுதேன்.

புள்ளி மெல்ல இலங்கைப் பக்கம் நகர்ந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் வரைபடத்திலிருந்து அதுவும் மறைந்துபோனது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் அதிகாரி. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடலில் பலகை தட்டும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு நிற்கிறேன். அந்த ஆமை என்னை மறந்திருந்தால் பரவாயில்லை, நான் அடித்த அடியை மட்டும் மறந்திருக்கக் கூடாது.