கழிப்பறையை நடுவில் வைத்தவள்

நகராட்சி வரைபடப் பிரிவில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். வருடக்கணக்கில் மழைநீர்க் கால்வாய்களையே வரைந்து அலுத்தவளுக்கு முதல்முறையாக ஒரு பூங்கா கிடைத்தது. புதிதாய் முளைத்த அடுக்குமாடிகளுக்கு நடுவே, பழைய லாரி ஷெட் இருந்த இடம். மரம், பெஞ்சு எல்லாம் வரைந்துவிட்டு, ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே, விளக்குக் கம்பத்தை ஒட்டி, சாலையிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும்படி பெண்கள் கழிப்பறையை வைத்தாள்.

அலுவலகம் சிரித்தது. "அக்கா, அரண்மனைக்குக் கொடி கட்டலையா?"

வீட்டில் கணவனும் விடவில்லை. "இத்தனை வருஷம் சாக்கடை. இப்போ புரமோஷன் வாங்கி கக்கூஸா?"

கூட்டத்தில் வரைபடத்தைப் பார்த்ததும் வார்டு கவுன்சிலர் முகத்தைச் சுளித்தார். "நாலு பேர் வந்து உட்கார்ற இடம்மா. இதைக் கொண்டுபோய் நடுவுல வெச்சிருக்கே? பின்னாடி மூலைக்குத் தள்ளு. லேடீஸ் யாராவது இங்கதான் வேணும்னு கேட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க சார். எழுந்து வீட்டுக்குப் போயிடுவாங்க."

யாரோ இருமினார்கள். அவள் விடவில்லை. "அந்த மூலை இருட்டு சார். பொழுது சாஞ்சப்புறம் உங்க வீட்டம்மா அங்க தனியாப் போவாங்களா? கேட்டுப் பாருங்க. போவேன்னு சொன்னா நானே மாத்தி வரைஞ்சு தரேன்."

கவுன்சிலர் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், தன் பூங்கா போயிற்று என்று நினைத்தாள்.

மறுநாள் அவரே கையெழுத்தோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "வீட்டுல காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. என் தங்கச்சி வேற வந்திருந்தா. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வறுத்து எடுத்துட்டாங்க. இருக்கிறபடியே கட்டு, தாயே."

பூங்கா திறந்த சில வாரங்களில் ஒரு மாலை, மாமியாரை அழைத்துப்போக அங்கே வந்தாள். சர்க்கரை வியாதிக்காரர், வெளியே போனால் உட்காருவதற்குள் வீட்டு ஞாபகம் வந்துவிடும். இப்போதோ விளக்கு எரிந்து வெகுநேரமாகியும் பெஞ்சில் சம்மணமிட்டு, பக்கத்துப் பெண்களிடம் அளந்துகொண்டிருந்தார். "இந்தப் பூங்கா மொத்தமும் எங்க மருமக வரைஞ்சது. கவுன்சிலரையே ஒரு வழி பண்ணிட்டா!"

"அத்தை, நேரமாச்சு. சமைக்கணும்."

"அவனைச் சமைக்கச் சொல்லு. இங்க கொஞ்சம் நகருங்கம்மா, எங்க மருமக உட்காரட்டும்."

நகர்ந்தார்கள். தான் வரைந்த பெஞ்சில் அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.