போடாத ஊசி

பிள்ளை பெற்றுச் சில நாட்களே ஆன ஒரு பெண்ணுக்குப் போட்டிருக்க வேண்டிய ஊசியை நான் போடவில்லை. மருந்து அலமாரியில் இருந்தது. அதோடு நிற்காமல் பழியை அவளுடைய அம்மாவின் தலையில் கட்டினேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் டாக்டர். ஒரு காலை அந்தப் பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள். முந்தின நாள் சாயங்காலம் குளிர்காய்ச்சல் கண்டிருக்கிறது; அம்மா பிரசவ லேகியம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். நான் பார்த்தபோது காய்ச்சல் இல்லை, கைகால் சில்லிட்டிருந்தது. மூச்சு வேகமாக இரைத்தது. ரத்த அழுத்தம் கருவியில் பிடிபடவே கஷ்டமாக இருந்தது.

"எம்மா, கொடியில துணி நனையுது பாரு" என்றாள். வெளியே நல்ல வெயில்.

கருப்பையில் பிடித்த கிருமி ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதையும் நிலைகுலைய வைத்துவிட்டது. செப்சிஸ் என்போம். அதை உறுதி செய்ய எங்களிடம் சோதனைக்கூடம் கிடையாது, தேவையும் இல்லை. கண்ணால் பார்த்தாலே தெரியும் நிலை. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும்: கிருமிக்கான ஊசியை உடனே போட்டு, சலைனை ஏற்றிவிட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இதில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் உயிரைத்தான் கொண்டுபோகும்.

ஆனால் எங்களுக்குள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வழக்கம் இருந்தது. செத்துப்போகக்கூடும் என்று தோன்றுகிறவரைத் தொடக் கூடாது. தொட்டபின் செத்தால், ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று கூட்டம் கூடும். அதிலும் பிள்ளை பெற்றவள் செத்தால் மேலதிகாரிகள் முன்னால் போய் நிற்க வேண்டும். தொடாமல் சீட்டு எழுதி அனுப்பிவிட்டால், வழியிலோ அங்கேயோ எது நடந்தாலும் நம்மைக் கேட்க மாட்டார்கள். நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். நான் சீட்டை எழுதினேன். அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் களக்காட்டுப் பக்கம் போயிருந்தது. ஆம்புலன்ஸ் இல்லாமல் ஆட்டோவில் அனுப்பினால் அதற்குக் கேள்வி வரும் என்று பயம். பெஞ்சில் படுக்க வைத்துக் காத்திருந்தோம்.

"ஐயா, ஒரு ஊசியாவது போடுங்கய்யா. கை பச்சத்தண்ணியா இருக்கு" என்றாள் அம்மா.

"அங்க போனதும் போடுவாங்க."

"இங்கன போட்டா என்னய்யா?"

ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்க்க வாசலுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாத நாட்கள் உண்டு. அன்று இருந்தது. மருந்து இல்லாமலிருந்தால் இன்று நான் நன்றாகத் தூங்குவேன்.

அந்த நேரத்தில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து அவளுடைய புருஷன் பைக்கில் வந்து சேர்ந்தான். வந்த வேகத்தைப் பார்த்துப் பயந்து, அவன் கேட்கும் முன்பே நான் சத்தமாகச் சொன்னேன்: "நேத்தே கூட்டிட்டு வந்திருக்கணும். வீட்டுல வச்சு லேகியம் குடுத்துக்கிட்டிருந்தா நான் என்ன பண்ண முடியும்?"

அவன் மாமியார் பக்கம் திரும்பினான். "கேட்டியளா? கொன்னுட்டியளே!"

பெஞ்சில் கிடந்தவள் அப்போது உயிரோடுதான் இருந்தாள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தாள். குழந்தையைப் புருஷன் வீட்டார் கொண்டுபோய்விட்டார்கள். பேத்தியைப் பார்க்கப் போன அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, டாக்டரே சொல்லிவிட்டாரே என்று திருப்பி அனுப்பினார்களாம். சந்தையில் யாரோ சொல்லி அது என் காதுக்கு வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

மிச்சமிருந்த வேலைக்காலத்தில் ஒன்று செய்தேன். ஊசியும் சலைனும் ஒரு தட்டில் எப்போதும் தயாராக இருக்கும். முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றேன். சிலர் பிழைத்தார்கள். ஒரு கிழவர் ஊசி போட்டபின் எங்கள் பெஞ்சிலேயே இறந்தார். நான் பயந்தபடியே கூட்டம் கூடி ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிக்குப் பயந்துதான் அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

என் மனைவி இறந்தபின், போன வருடம், அந்த அம்மாவைத் தேடிப் போனேன். வாய்க்கால் கரைத் தெருவில் தனியாக இருந்தாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தாமதிக்கவில்லை, தாமதித்தது நான் என்றேன்.

உள்ளே போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். பிறகு, "ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாளாய்யா?" என்றாள்.

"தெரியலம்மா. பிழைச்சிருக்கலாம்."

"லேகியம் குடுத்த கையை நான் எத்தன நாள் சுவத்துல அடிச்சிருப்பேன் தெரியுமா?" அழவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவுககிட்டச் சொல்லுங்க."

ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். அந்தப் பெண்ணின் புருஷன் மறுமணம் செய்துகொண்டு, தலை நரைத்து, கடை வைத்திருந்தான். நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் எழுந்து கடைக் கதவைப் பாதி சாத்தினான்.

"நீரு பாரத்த இறக்கி வச்சிட்டுப் போயிருவீரு வே. எம்பிள்ளகிட்ட நான் என்னன்னு சொல்ல? இத்தன வருசம் அந்தக் கிழவிய ஏசினேனே, அத எங்க கொண்டு வைக்க?"

"என்ன சொல்லணுமோ நானே வந்து சொல்லுதேன்" என்றேன்.

"நீரு சொன்னது போதும்."

மறுபடி அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது, அவனும் பேத்தியும் வந்தார்களா என்று கேட்டேன். வந்தார்களாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாளாம் பிள்ளை. இறந்த மகளைப் போலவே நெற்றியாம். அவளுக்கென்று அந்த அம்மா முறுக்கு சுட்டு வைத்திருந்தாளாம்.

"கையில குடுத்தேன். வாங்கல. அப்பன் முகத்தப் பாத்தா. அவன் தலைய ஆட்டுன பொறவுதான் வாங்குனா. திங்கல, பைக்குள்ள வச்சுக்கிட்டா."

"மறுபடி வருவாங்களா?"

"கேக்கலய்யா. கேட்டா வர மாட்டாவளோன்னு பயமா இருக்கு."

எனக்கும் ஒரு தட்டில் இரண்டு முறுக்கு வைத்தாள். என்னாலும் தின்ன முடியவில்லை.