கூப்பிடும் முன்னே வெளியே வந்தவர்

சண்முகம் அண்ணன் இறந்த செய்தி பெல்மதுளையில் ஒரு தொலைபேசிக் கடையில் வைத்து எனக்குக் கிடைத்தது. வேறு விஷயமாகத்தான் அவர் தோட்டத்துக்குப் போன் எடுத்தேன். அவருடைய மகன் பேசினான்: "அப்பா காலைல போயிட்டாருங்க." நெஞ்சுவலி வந்தபோது தோட்டத்து லொறி தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்ததாம். கொழுந்தைத் தொழிற்சாலையில் இறக்கிய பிறகுதான் அவரை ஏற்றினார்கள். பலாங்கொடை ஆஸ்பத்திரி வாசலுக்கு அவர் உயிரோடு வரவில்லை. கொழுந்து வாடக் கூடாது என்பதில் நம் தோட்டங்கள் எப்போதும் கவனமாக இருக்கும்.

பலாங்கொடைப் புடவைக் கடையில் அவரிடம் துணி வாங்கியவர்களுக்கு அவருடைய கிண்டல் தெரியும். அதே கடையில் அவரோடு வேலை செய்தவன் நான். நாங்கள் இருவரும் மதுரையில் தங்கியிருந்த நாட்களைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது. அவர் அதைச் சொல்ல விரும்பியதில்லை.

இங்கே போர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் ஊர் பார்க்கப் போனேன். அவர் தன் தங்கை செல்லம்மாவைத் தேடிப் போனார். இலங்கையும் இந்தியாவும் போட்ட குடியுரிமை ஒப்பந்தம் அந்தக் குடும்பத்தைப் பங்கு பிரித்துவிட்டது. தங்கை இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார், அண்ணன் இங்கே நின்றார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை.

மேல மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு லொட்ஜில் தங்கினோம். பொலிஸில் முறையாகப் பதிவும் செய்தோம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் எல்லாம் ஒரு மாதத்தில் எங்களுக்குப் பழகிவிட்டன. டீக்கடைக்காரர் எங்களை மலையாளிகள் என்றே நினைத்திருந்தார். இலங்கைத் தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்ததும், "அப்ப நல்ல டீயாக் குடிச்சு வளந்திருப்பீங்க" என்றார்.

"நல்ல தூள நாங்களும் உங்கள மாதிரிதாண்ணே. கண்ணால பாத்ததோட சரி," என்றார் சண்முகம் அண்ணன்.

எங்கள் லொட்ஜில் யாழ்ப்பாண இளைஞன் ஒருவனும் இருந்தான். தோட்டத்து ஆட்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் முகத்தை அவன் பார்க்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. அண்ணன் சிரிப்பார்: "நம்ம மூஞ்சி என்ன, காசு குடுத்துப் பாக்கிற மூஞ்சியா? வுடுங்க தம்பி."

அகதிகளும் திரும்பி வந்தவர்களும் வாழும் குடியிருப்புகளில் விசாரித்து அலைந்து, கடைசியில் தங்கையைப் பற்றிய தகவல் கிடைத்தது. கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கும் வேலை. நாடு மாறியும் மலையும் கூலியும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் அவருக்கு ஒரு சுங்குடிச் சேலை வாங்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை லொட்ஜுக்குப் பொலிஸ் வந்தது. யாரோ ஒருவருடைய பெட்டி காணாமல் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அண்ணன் அறையை விட்டு வெளியே போய், அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி சுவரோரம் நின்றுவிட்டார். இங்கே படையினர் சுற்றிவளைக்கும் நாட்களில் தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் அவர் சொல்வது இதுதான்: "கூப்புடுறதுக்கு முந்தி வெளிய நின்னா ரெண்டு அடி கொறையும்."

"உன்னை யாருய்யா கூப்பிட்டா?" என்று சிரித்துக்கொண்டே வந்த அதிகாரி, அட்டையில் சிங்கள எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். பெட்டி விஷயம் அத்தோடு போயிற்று. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் இளகினார்.

"நீங்க நம்ம பக்கத்து ஆளுங்கதான். அந்த யாழ்ப்பாணத்துப் பயலப் பத்திச் சொல்லு. யார் வந்தா, என்ன பேசினான்?"

"அவரு எங்களோட பேசவே மாட்டாருங்க சார். பேசாத ஆளப் பத்தி நான் என்னத்தச் சொல்றது?"

"சந்தேகமா ஒண்ணும் பாக்கலையா?"

"பல்லு வெளக்குவாரு. பேப்பர் படிப்பாரு."

"ஞாயித்துக்கிழமை தங்கச்சி வருதுன்னு மேனேஜர் சொல்றாரு. யோசிச்சுச் சொல்லு. இல்லாட்டி ரெண்டு பேரும் நாளைக்கே கெளம்பணும்."

அண்ணன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பாத்ததச் சொல்லிட்டேங்க," என்றார். அதிகாரி இன்னொரு முறை கேட்கவில்லை. இளைஞனை ஜீப்பில் ஏற்றினார்கள். எங்களை மறுநாள் திருச்சி விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

போகும் வழியில் நான் கத்தினேன். நம்மை மனிதனாகவே மதிக்காதவனுக்காகவா தங்கையை விட்டீர்கள் என்று கேட்டேன்.

"பெல்மதுளையில சுத்திவளைச்சு என்னயப் புடிச்சப்ப, ஒருத்தன் என்னயப் பாத்துக் கையக் காட்டுனான் தம்பி. என்னய அவனுக்குத் தெரியவே தெரியாது. அவனுக்கும் வீட்டுக்குப் போற அவசரம் இருந்திருக்கும்," என்றார்.

அந்தக் கை காட்டலால் அவர் வாரக்கணக்கில் தடுப்பில் கிடந்தது எனக்கு முன்பே தெரியும். அவர் முதுகுத் தழும்புகளையும் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு மறுபடி விசா கிடைக்கவே இல்லை. இறந்த செய்தியைச் சொல்ல, கொடைக்கானலில் ஒரு கடை மூலமாகச் செல்லம்மாவைப் பிடித்தேன். அவர் அழுது முடித்ததும், "நான் சாயந்திரம் வரைக்கும் அந்த லாட்ஜ் வாசல்ல ஒக்காந்திருந்தேன். அண்ணன் ஏன் நிக்காமப் போயிட்டாரு?" என்று கேட்டார். அண்ணன் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

நான் சொல்லி முடித்த பிறகு கேட்டார்: "அந்தப் பையன வுட்டுட்டாங்களா?"

தெரியாது என்றேன். ஏழு கடலுக்கு அப்பால் இருந்தாலும் இவர் அவருடைய தங்கைதான் என்று அப்போது பட்டது.

அவர் அப்படி முடிவு செய்தது சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனைப் பற்றி அவரைக் கேட்டு மிரட்டிய பொலிஸார் மீது எனக்கிருக்கும் கோபமும் தணியவில்லை. ஆனால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவன் யார் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்கும்போது, பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என் குரல் நடுங்குகிறது. பார்த்ததை மட்டும் சொல்வது சண்முகம் அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்தது. நடுக்கம் மட்டும் என்னுடையது.