எவேலியாவின் ஆறு வருடத் திட்டம்

எவேலியா பாரியெந்தோஸுக்கு வந்த கோபத்தைவிட எனக்கு வந்த கோபம் பெரியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் இளைய மகளுக்கு ஞானஸ்நானத் தாய். அந்த உறவில் நாங்கள் ஒருவரை ஒருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். பதினொரு வருடமாகப் பீச் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரே பெல்ட்டின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவளுக்காக நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

எல்லைக்குத் தெற்கே இருக்கும் ஒவஹாகா மலையிலிருந்து பதினேழு வயதில் இந்தக் கலிபோர்னியப் பள்ளத்தாக்குக்கு வந்தவள். அவளுக்குத் தாய்மொழி மலைப் பேச்சு, ஸ்பானிஷே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. மூன்றிலும் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுவாள். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும் கிளினிக்கின் பின் அறையில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுப்பாள். கிளினிக் அவளுக்கு வைத்திருந்த பெயர் தன்னார்வலர். ஓசியில் உழைப்பவர்களுக்கு எப்போதும் நல்ல பெயராகத்தான் வைப்பார்கள்.

"தோன் ஃபெர்மின், ரொட்டியே தின்னக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?" என்று ஒருநாள் வகுப்புக்கு வரும் அந்தப் பெரியவரிடம் அவள் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். "எட்டு தின்ற இடத்துல மூணு தின்னுங்க. அந்தச் சோடா பாட்டிலை மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

"மூணோட நிறுத்தினா என் வீட்டுக்காரி சந்தேகப்படுவா தாயி. வேற எவளோ எனக்கு ஆக்கிப் போடுறான்னு நினைப்பா."

"உங்க மூஞ்சிக்கு எவ ஆக்கிப் போடுவா? பயப்படாம தின்னுங்க."

அறையே சிரித்தது. தோன் ஃபெர்மின் அன்றைக்குச் சோடாவைக் கொடுத்துவிட்டுப் போனார். இதைப் பட்டம் வாங்கிய யாராவது செய்து காட்டட்டும், பார்க்கிறேன்.

அந்த வகுப்பைப் பார்த்துத்தான் கிளினிக் தலைவர் டாக்டர் செப்புல்வேதா ஆறு வருடத்துக்கு முன் ஒரு வாக்குக் கொடுத்தார். சமுதாயக் கல்லூரியில் பட்டப் படிப்பின் முதல் பகுதியை முடித்து, பல்கலைக்கழகத்தில் சுகாதாரக் கல்விப் பட்டத்துக்கு இடம் வாங்கிய கடிதத்தைக் காட்டினால் அன்றைக்கே கிளினிக்கில் சம்பள வேலை என்றார். இனிமேல் பழத்தோல் அரிப்பு இல்லை, கொட்டகை மேஸ்திரியின் வாய் இல்லை. எவேலியா மறுநாளே கல்லூரிக்குப் போனாள். கொட்டகையிலிருந்து நேராக, சட்டைக் கையில் பீச் தூசியோடு.

அங்கே ஹால்டேன் என்று ஓர் ஆலோசகர். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். அவள் சுகாதாரக் கல்வியில் பட்டம் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டே அவர் படிப்புத் திட்டக் காகிதம் ஒன்றை எடுத்தார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று சான்றிதழ், மற்றொன்று பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவது. அவர் அவளுடைய சட்டைக் கையைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், முதல் கட்டத்தில் குறி போட்டார். ஆளைப் பார்த்து இலை போடுவது என்றால் இதுதான். பிறகு தான் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவள் போட்டாள்.

படித்துப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களின் கோளாறே அங்கேதான் இருக்கிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அதை இன்னொருவரிடம் நீட்டிச் சரியா என்று கேட்பது, கொடுத்தவரைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம். என் அப்பாவின் அடையாள அட்டையில் ஒரு குமாஸ்தா பிறந்த தேதியைத் தப்பாக எழுதிவிட்டார். அப்பா சாகும்வரை அந்தத் தேதியிலேயே பிறந்தநாள் கொண்டாடினார். எவேலியா தன் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையோடு அலமாரியில் வைத்தாள். ஒவ்வொரு பருவமும் ஆலோசகரிடம் சரிபார்க்கவும் என்று அதன் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததாம். மரியாதை தெரிந்தவள், அதனால் சரிபார்க்கவில்லை.

இலையுதிர் காலப் பருவம் ஆகஸ்டில் தொடங்கும். அப்போதுதான் நாங்கள் தோட்டத்துக்குப் போய், உலர்திராட்சைக்காகக் குலைகளை வெட்டிக் கொடி வரிசைக்கு நடுவே காகிதத்தில் காயப்போடுவோம். எங்களைப் போன்றவர்கள் படிக்கவே கூடாது என்று யாரோ உட்கார்ந்து நாள் குறித்ததுபோல் இருக்கும். அதனால் அவள் வசந்த காலத்தில் மட்டும், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடம். நோயாளிப் பதிவேடு, வீடு வீடாகப் போய் விசாரிப்பது என்று ஆறு வருடத்தில் ஒன்பது பாடம் முடித்தாள். ஒன்பதிலும் முதல் தரம். பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு கேள்வி கேட்டது நான். எனக்கே பாதிப் பாடம் மனப்பாடம்.

இந்த மார்ச்சில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் கல்லூரிக்குப் போனோம். கார் என்னுடையது என்பதால் நானும் உள்ளே போனேன். ஹால்டேன் இருந்த நாற்காலியில் இப்போது திருமதி லிண்ட்க்விஸ்ட் என்று ஓர் அம்மாள். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது சான்றிதழுக்கான பாதை. இந்த ஒன்பதுல ரெண்டைத்தான் பல்கலைக்கழகம் ஏத்துக்கும்."

"மீதி ஏழு?" என்றாள் எவேலியா.

"எல்லாம் நல்ல பாடம்தான். வீண்னு சொல்ல மாட்டேன்."

"எங்க செல்லும்?"

"இங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவ பட்டம் வேணும்னுதானே வந்தா? தப்பான கட்டத்துல குறி போட்டது யாரு?"

"கையெழுத்து உங்க தோழியோடதுதானே?"

"காட்டின விரல் உங்க ஆளோடது. அவரைக் கூப்பிடுங்க."

"அவர் ஓய்வு பெற்றுட்டாரு. போன வருஷம் சிறந்த சேவைக்கு விருது குடுத்தோம்."

விருதாம். எத்தனை பேர் வயிற்றில் அடித்த சேவையோ.

எவேலியா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். புள்ளியியல், உடற்கூறு, வேதியியல் என்று அம்மாள் புதிதாக ஒரு பட்டியல் அடித்துக் கொடுத்தார். வசந்த காலத்தில் மட்டும் படித்தால் இன்னும் ஐந்து வருடம். எவேலியாவுக்கு இப்போது நாற்பத்திரண்டு.

வெளியே தாழ்வாரத்தில் நின்றபடியே டாக்டர் செப்புல்வேதாவுக்குப் போன் செய்தாள். அவர் வருத்தப்பட்டார். செப்டம்பருக்கு மேல் அந்த வேலையைக் காலியாக வைத்திருக்க முடியாது, பட்டம் முடித்த பெண் ஒருத்தி விண்ணப்பித்திருக்கிறாள் என்றார். கடைசியாக, செவ்வாய்க்கிழமை வகுப்பு எப்போதும்போல் நடக்கும் இல்லையா என்று கேட்டார். நடக்கும் என்றாள்.

"என்னத்துக்குடி சரின்னே?" என்று அவள்மேல் பாய்ந்தேன். "அந்தப் பட்டக்காரி வந்து எடுக்கட்டுமே."

"தோன் ஃபெர்மினுக்குக் கால்ல புண்ணு ஆறலை, கோமாத்ரே. இந்தச் செவ்வா யார் பாக்கிறது?"

"உன் புண்ணை யாருடி பாக்கிறது?"

அவள் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. சுவரோரம் பத்துப் பன்னிரண்டு பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். வேலை உடுப்பு, மண் ஒட்டிய காலணி, மடியில் பிளாஸ்டிக் உறை. பாதிப்பேர் எங்களுக்கு முகம் தெரிந்தவர்கள். பாதாம் ஆலையில் வேலை பார்க்கும் நசாரியா கோடியில் இருந்தாள். எவேலியா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்னவாகணும் நசாரியா?"

"பள்ளிக்கூட டீச்சர். மூணு வருஷமாப் படிக்கிறேன்."

"காகிதத்தைக் காட்டு."

நசாரியா உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயா கையெழுத்துப் போட்டது அக்கா. அதுல என்ன பாக்க இருக்கு?"

"எனக்கும் அதே ஐயாதான் போட்டாரு. ஏழு பாடம் குப்பைக்குப் போச்சு. காட்டு."

முதல் கட்டத்தில்தான் குறி. நசாரியா அதையே வெறித்துப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். எவேலியா அடுத்தவரிடம் நகர்ந்தாள், அதற்கடுத்தவரிடம் நகர்ந்தாள். கிளினிக்கில் கேட்பதுபோலவே கேட்டாள். என்னவாகணும், யார் எழுதிக் குடுத்தாங்க, எத்தனை வருஷம் ஆச்சு. ஒன்பது காகிதம் பார்த்ததில் ஆறில் அதே கட்டம், அந்த ஆறு பேரும் கேட்டதோ பட்டம். யாரும் தன் இடத்தில் உட்காரவில்லை, எல்லோரும் அவளைச் சுற்றி எழுந்து நின்றார்கள்.

சத்தம் கேட்டுத் திருமதி லிண்ட்க்விஸ்ட் கதவைத் திறந்தார்.

"அம்மா, மன்னிக்கணும். இங்க மாணவர்களுக்கு ஆலோசனை சொல்றதுக்குத் தகுதி வேணும். பட்டம் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி."

எவேலியா தலையை நிமிர்த்தினாள். "தெரியும். அந்தப் பட்டத்தைக் கேட்டுத்தான் ஆறு வருஷமா இங்க வந்துக்கிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு, அடுத்து நின்ற பெண்ணிடம் கையை நீட்டினாள். "உன்னோடதைக் காட்டு."